60 லட்சம் இருக்குங்க: சரவணம்பட்டி ஃப்ளாட்டா, திருப்பூர் லைன் வீடா?

பல்லடத்தான்

எல்லோருக்கும் வணக்கமுங்க. சொந்த ஊர் பல்லடம் பக்கம். மஸ்கட்டில் வேலை, இன்னும் ஏழெட்டு வருடம் இங்கேதான் ஓடும். கிரயச் செலவெல்லாம் சேர்த்து 60 லட்சம் வரை போடலாம் என்று இருக்கிறேன். கடன் வாங்க விருப்பம் இல்லை. குடியிருக்க அல்ல, வாடகைக்கு விடத்தான். ஊரில் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, கோவையில் சரவணம்பட்டி தாண்டி கீரணத்தம் போகிற வழியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். கட்டி ஆறு வருடம் ஆகிறது. விலை 55 லட்சம், இப்போது 16,000 வாடகையில் ஆள் இருக்கிறது. இன்னொன்று திருப்பூரில், அனுப்பர்பாளையம் பக்கம், நாலரை சென்ட்டில் எட்டு ரூம் லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டி ரூம் ரூமாக வாடகைக்கு விடுவது. அதற்கும் 55தான் சொல்கிறார்கள். ரூமுக்கு 4,200. எட்டும் நிறைந்திருந்தால் மாதம் 33,600.

எனக்கு லைன் வீடு இரண்டு மடங்கு லாபம் போலத் தெரிகிறது. வீட்டில் ஃப்ளாட்தான் கௌரவம் என்கிறார்கள். இரண்டும் வேண்டாம், வேறு ஊர் பார் என்றாலும் சரி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

கீரணத்தம் ஐடி

கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளாட் வாங்குங்க. கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம், சரவணம்பட்டியில் கேஜிஐஎஸ்எல், விளாங்குறிச்சியில் டைடல் பார்க். மூன்றும் ஐடி வளாகங்கள், அரை மணி நேரத்துக்குள். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சே இங்கே இல்லை. முதல் தேதி காலையில் ஜிபேயில் வாடகை வந்து விழும். நீங்கள் மஸ்கட்டில் நிம்மதியாக இருக்கலாம். லைன் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்.

பீளமேட்டுக்காரி

ஐடி தம்பி, மேம்பாலம் வந்ததில் ஏறியது விலை. வாடகை ஏறியதா? எங்கள் தெருவில் சைட்டு விலை போன வேகத்துக்கு வாடகை பாதி தூரம்கூட வரவில்லை. வாங்குகிறவர் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசித்து விலை கொடுப்பார். வாடகைக்கு வருகிறவர் இந்த மாதச் சம்பளத்தில் என்ன முடியும் என்று பார்த்துத்தான் கொடுப்பார். பாலத்தைக் காட்டி வாடகையை ஏற்ற முடியாது.

கோவைக்கு மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லி, சரவணம்பட்டி வழியாகப் போகிற சத்தி ரோட்டில் எத்தனை பேருக்கு சைட்டு விற்றார்கள்! 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது, மக்கள் தொகை 20 லட்சம் இல்லையாம். நாளைக்கு மறுபடியும் வரலாம், அது வேறு கதை. வராத ஒன்றுக்காக இன்றைக்கே காசு கொடுக்காதீங்க.

பல்லடத்தம்பி, அந்த ஃப்ளாட்டில் மூன்று விஷயம் கேளுங்க. நிலத்தில் உங்கள் பாகம், அதாவது யூடிஎஸ், எத்தனை சதுர அடி? குடிக்கிற தண்ணீர் பில்லூர் அணையில் இருந்து வருகிற குழாய்த் தண்ணியா, லாரித் தண்ணியா? அந்த வளாகத்தில் மொத்தம் எத்தனை வீடு, அதில் எத்தனை காலியாகக் கிடக்கிறது? மூன்றாவதை புரோக்கரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடம் கேட்கச் சொல்லுங்க.

கீரணத்தம் ஐடி

அக்கா சொல்வதில் மூன்றாவது கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஒரே மாதிரி இரண்டு பெட்ரூம் வீடுகள் ஏகப்பட்டது. புதிதாகக் கட்டியது பக்கத்தில் வந்தால் பழையதில் இருப்பவர்கள் லிஃப்ட்டு, ஜிம்மு என்று அங்கே போய்விடுகிறார்கள். 2020இல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்குக் கிளம்பியபோது டூலெட் போர்டு வரிசையாகத் தொங்கியதும் உண்மை. ஆனாலும் இப்போது நிறைந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். இரண்டு இடத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

பழைய வீடு கிரயம் என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 55 லட்சத்துக்கு 4.95 லட்சம். உங்கள் 60 அதோடு சரி. எழுத்துக்கூலி, புரோக்கர் கமிஷனுக்குக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்க. இன்னொன்று, 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்கிறவருடைய வருமான வரிக்கென்று முன்கூட்டியே, பிடித்துக் கட்டவேண்டும். விற்கிறவர் பணத்தில் இருந்துதான், ஆனால் மறந்தால் அபராதம் உங்களுக்கு.

ஃப்ளாட்: 16,000 வீதம் வருடம் 1,92,000. ஆள் மாறும்போது சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று 16,000 கழியுங்க. சொத்து வரி, பெயின்ட், பிளம்பர், புதிய ஆள் பிடிக்க புரோக்கருக்கு, எல்லாவற்றுக்கும் 20,000. கைக்கு வருவது 1,56,000. போட்ட 60 லட்சத்துக்கு 2.6 சதவீதம்.

லைன் வீடு: எட்டு ரூம் எப்போதும் நிறைந்திருக்காது. ஆறு ரூம் என்று வைப்போம். 25,200 வீதம் 3,02,400. தண்ணீர், மோட்டார், செப்டிக் டேங்க், கரண்டு பில்லில் கைநஷ்டம், வெள்ளையடிப்பு, பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஏதாவது என்று 80,000 ஆகும். மிச்சம் 2,22,400. அது 3.7 சதவீதம்.

ஆர்டர் இல்லாத வருடத்தில் நாலு ரூம்தான் ஓடியது என்றால்? 2,01,600இல் செலவு 75,000 போக 1,26,600. அதாவது 2.1. ஆக இரண்டு மடங்கு என்பது கிடையாது. நல்ல வருடத்தில் ஃப்ளாட்டை விட ஒரு சதவீதம் கூட, கெட்ட வருடத்தில் அரை சதவீதம் குறைவு. மிச்சம் முழுக்க நிலம் ஏறுவதில்தான் இருக்கிறது. அதில் நாலரை சென்ட் நிலம் முழுதும் உங்களுக்கு என்பது லைன் வீட்டுக்கு பலம்.

தறிக்காரர்

பேங்கில் டெபாசிட் போட்டாலே இதைவிட அதிகம் வருமே. எதுக்குங்க இந்தப் பாடு? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஏக்கர் தோப்பு வாங்கிப் போடச் சொல்லுங்க. குத்தகைக்கு விட்டால் தேங்காய் பறிக்கிற சத்தம் மட்டும்தான், மோட்டார் சத்தம் எல்லாம் குத்தகைக்காரன் பாடு.

அவிநாசி பத்திரம்

தறிக்காரரே, அவர் மஸ்கட்டில் இருக்கிறார். வெளிநாட்டில் வசிக்கிற இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், சைட்டு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கிரயம் வாங்கக்கூடாது, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தடை. அப்பா வழியில் பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க முடியாது. தெரியாமல் வாங்கிவிட்டு விற்கும்போது மாட்டுகிறவர்கள் உண்டு.

ஞாயிறு வசூல்

திருப்பூரில் லைன் வீடு வைத்திருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

லைன் வீட்டை வீடு என்று நினைத்து வாங்காதீங்க. அது ஒரு தொழில். எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். அதனால் வாடகை வசூல் ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு எல்லோரும் கறிக்கடைக்கும் சந்தைக்கும் கிளம்பிவிடுவார்கள், மத்தியானம் போனால் பாதிப் பணம் செலவாகி இருக்கும். மாதம் ஒரு தடவை மொத்தமாகக் கேட்டால் சிரமப்படுகிறவர்களும் வாரத்துக்கு ஆயிரம் ஆயிரமாகத் தட்டாமல் கொடுத்துவிடுவார்கள். இதை மஸ்கட்டில் இருந்து செய்ய முடியாது. ஜிபே எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் நேரில் ஆள் வந்து நின்றால்தான் போனை எடுப்பார்கள்.

கரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்க. பழைய லைன் வீட்டில் பெரும்பாலும் ஒரே சர்வீஸ், ரூமுக்கு ஒரு சப்மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு அல்ல. எட்டு ரூம் சேர்ந்து ஒரே மீட்டரில் ஓடினால் 500 யூனிட்டை எளிதாகத் தாண்டும். அப்போது கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். அந்தப் பில்லை யூனிட்டுக்கு இத்தனை என்று குடியிருப்பவர்கள் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. அதனால் எனக்குத்தான் கை கடிக்கும். நீங்கள் பார்க்கும் இடத்தில் எத்தனை மின் இணைப்பு என்று முதலில் கேளுங்க. ரூமுக்கு ஒன்று தனித்தனியாக இருந்தால் விலை ஒரு லட்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் ஆட்கள். ஒரு ரூமுக்கு ஒரு குடும்பம் என்பது பழைய காலம். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் ஒரு ரூமில் நாலு பேர், சில இடத்தில் ஆறு பேர். ஷிஃப்ட்டு மாற்றி மாற்றித் தூங்குவார்கள். தண்ணீர் செலவு குடும்பத்தை விட அதிகம், செப்டிக் டேங்க் வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டி வரும். பதிலுக்கு, வாடகையை ஆள் கணக்கில் வாங்கலாம். தீபாவளி முடிந்து சட் பூஜைக்குப் போனால் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். சாவியைக் கொடுத்துவிட்டா போகிறார்கள், பூட்டிவிட்டா போகிறார்கள் என்பதைப் பார்த்தே திரும்பி வருவார்களா என்று சொல்லிவிடலாம். வாடகையை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற பையன்களும் இருக்கிறார்கள். ஆதார் நகலை வாங்கி ஸ்டேஷனில் கொடுப்பதைத் தள்ளிப் போடாதீங்க.

ஒரு கம்பெனிக்கே மொத்தமாக விடும் வழியும் உண்டு. ரூமுக்கு ஐந்நூறு அறுநூறு குறைத்துத்தான் கேட்பார்கள், ஆனால் வசூல் வேலை மிச்சம். கம்பெனி மூடினால் எட்டும் ஒரே நாளில் காலி.

கணக்குப்பிள்ளை

கம்பெனிக்கு விட்டால் ஒரு சேதி: வாடகைக்கு எடுப்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்ற கம்பெனி என்றால் 2022 ஜூலை 18 முதல் குடியிருப்பு வாடகைக்கும் 18 சதவீதம் அவர்கள் கட்ட வேண்டும். சின்னக் கம்பெனிகள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் உங்கள் வாடகையைக் குறைக்கச் சொல்லும்.

தறிக்காரர்

தோப்பு விஷயத்தை விடுங்க, எனக்குத் தெரியாது. ஆனால் திருப்பூரைப் பற்றித் தெரியும். நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்தவில்லை என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது காலேஜ் ரோடு, மங்கலம் ரோடு பக்கம் லைன் லைனாகக் காலி. சாயம் நின்றால் நிட்டிங் நிற்கும், நிட்டிங் நின்றால் தையல் நிற்கும். அப்புறம் 2020. அப்புறம் 2025 ஆகஸ்டு 27, அமெரிக்காவில் 50 சதவீத வரி. ஆர்டர் நின்றதும் முதலில் ஊருக்குப் போகிறவன் ரூமில் இருக்கிற பையன்தான். எட்டு ரூம் எட்டு வாடகை மாதிரி தெரியும். எட்டுக்கும் சோறு போடுவது ஒரே தொழில். அதில் ரூமைக் கூட்டினால் பாதுகாப்பு கூடுமா?

ஞாயிறு வசூல்

இதை மறுக்க மாட்டேன். 2011இல் எங்கப்பா வாடகையைப் பாதியாகக் குறைத்து ஆட்களை இருக்க வைத்தார். காலியாகக் கிடந்தால் ரூம் கெட்டுப்போகும், ஒயரைக்கூடப் பிடுங்கிப் போய்விடுவார்கள் என்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் திருப்பூர் எழுந்துவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. கடன் இல்லாமல் வாங்குகிறவருக்கு அந்த ஒரு வருடத்தைத் தாங்குவது பெரிய விஷயம் இல்லை. கடன் வாங்கி லைன் வீடு வாங்கியவர்கள்தான் விற்றுவிட்டுப் போனார்கள்.

பெருந்துறை 638052

எங்கள் ஊரையும் பாருங்க. பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை ஒரு பக்கம், அரசு மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம், தோப்புப்பாளையத்தில் இன்ஜினியரிங் காலேஜ் ஒரு பக்கம். கம்பெனி ஆள், நர்ஸ், மாணவர் என்று மூன்று விதமான ஆள் வாடகைக்கு வருவார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். கீழே ஒரு வீடு, மேலே இரண்டு சின்ன வீடு என்று கட்டிய தனி வீடுகள் நீங்கள் சொல்லும் விலைக்குள் கிடைக்கும். ஈரோட்டுக்கும் இருபது கிலோமீட்டர்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சிப்காட்டை ஒட்டிய கிராமங்களில் போர்த் தண்ணீர் பற்றிய புகார் பல வருடமாக உண்டு. காலையில் குழாயைத் திறந்து ஒரு குடம் பிடித்துப் பார்க்காமல் அந்தப் பக்கம் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கொங்கு ரியல் எஸ்டேட் 99

*[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. அன்னூர் ரோடு சைட்டு விளம்பரத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இது மூன்றாவது எச்சரிக்கை. மட்டுறுத்துநர்]*

பீளமேட்டுக்காரி

பெருந்துறைக்காரர் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். ஊரைப் பார்க்கும் முன்னால் ஆளைப் பாருங்க. என் மாடியில் இருப்பது ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகள். ஐடி கம்பெனி ஆள் குறைக்கும், பனியன் கம்பெனி ஆர்டர் இழக்கும், ஆஸ்பத்திரி மூடாது. மூன்று பேர் சேர்ந்து எடுப்பார்கள், ஒருத்தி கல்யாணமாகிப் போனால் இன்னொருத்தியை அவர்களே கூட்டி வந்துவிடுவார்கள். எனக்குப் புரோக்கர் செலவே இல்லை. வீடு பழசு, ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டு மாடி எடுத்தது. ஜிம் கேட்டு யாரும் வந்ததில்லை, ராத்திரி ஷிஃப்ட்டு முடிந்து நடந்து வருகிற தூரமா, தெருவில் லைட் எரியுமா என்றுதான் கேட்பார்கள்.

ஒன்று: பெண்கள் விடுதி என்று போர்டு போட்டுச் சாப்பாட்டோடு நடத்த நினைத்தால் அது வேறு கணக்கு. 2014 சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். வீடாக வாடகைக்கு விடுவது வேறு, விடுதி நடத்துவது வேறு.

சாய்பாபா காலனி வாசி

ஆள் என்றதும் ஞாபகம் வருகிறது. சைவம் சாப்பிடுகிற குடும்பமாகப் பார்த்துக் குடி வைத்தால் வீடு சுத்தமாக இருக்கும். நம்மாட்களாக இருந்தால் இன்னும் நல்லது. இதை முதலிலேயே புரோக்கரிடம் சொல்லிவிடுங்க.

பீளமேட்டுக்காரி

வீடு சுத்தமாக இருப்பதற்கும் சட்டியில் என்ன வேகிறது என்பதற்கும் என்னங்க சம்பந்தம்? என் வீட்டில் கோட்டயத்துப் பிள்ளை மீன் வறுப்பாள், தரையைப் பார்த்தால் என் வீட்டை விடப் பளிச்சென்று இருக்கும். நம்மாட்கள் என்றால் யாருங்க? வாடகை ரூபாயில் சாதி அச்சடித்து வருவதில்லை. பல்லடத்தம்பி, வியாபாரமாகப் பார்த்தாலும் இது நஷ்டம்தான். பத்துப் பேர் கேட்டு வரும் வீட்டுக்கு எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினால் மிச்சம் இரண்டு பேர் சொன்னதுதான் வாடகை.

ஞாயிறு வசூல்

அக்கா சரியாகக் கொடுத்தீங்க. திருப்பூரில் இந்தப் பேச்சுப் பேசினால் எட்டு ரூமில் ஏழு காலியாக இருக்கும்.

பல்லடத்தான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. யாரை வைத்துப் பார்ப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. தம்பிக்கு சூலூரில் வேலை, ஷிஃப்ட்டு மாறி மாறி வரும். ஞாயிறு வசூலுக்கு அவன் போவான் என்று நம்பி வாங்க முடியாது. அம்மா போவார், ஆனால் அனுப்பர்பாளையம் வரை பஸ் மாறி மாறிப் போகச் சொல்ல மனசு வரவில்லை. கீரணத்தம் அதைவிடத் தூரம்.

வரி பற்றி யாராவது சொல்லுங்க. என் பெயரில் வாங்கினால் என்ன, அம்மா பெயரில் வாங்கினால் என்ன?

கணக்குப்பிள்ளை

உங்கள் பெயரில் என்றால்: நீங்கள் வெளிநாட்டுவாசி. வாடகை என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டுவாசிகள் இங்கே வரும் வருமானத்துக்கு வைத்திருக்கும் பேங்க் கணக்கில், வர வேண்டும். வாடகைக்கு இருப்பவர் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். சாதாரணக் குடித்தனக்காரர் யாரும் இதைச் செய்வதில்லை, ஐடி கம்பெனி ஆள் விவரம் தெரிந்தவர் என்றால் பிடிப்பார். பிடித்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழித்துத்தான் வருமானம் என்று எடுப்பார்கள். பராமரிப்புக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் அந்தக் கழிவு உண்டு.

அம்மா பெயரில் என்றால்: பணத்தை அம்மாவுக்குத் தானமாகக் கொடுக்கலாம், அதற்கு வரி இல்லை. மனைவிக்குக் கொடுத்தால் வரும் வருமானம் உங்கள் கணக்கில் சேரும், அம்மாவுக்குக் கொடுத்தால் சேராது. அவருக்கு வேறு வருமானம் அதிகம் இல்லை என்றால் இந்த வாடகைக்கு வரியே வராது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராமல் கிடைக்கும் தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவருக்குத்தான், உங்களுக்குக் கிடையாது.

அவிநாசி பத்திரம்

வரிக்கு நல்லதுதான். ஆனால் அம்மா பெயரில் வாங்கினால் அது அம்மா சொத்து. அம்மா காலத்துக்குப் பிறகு தம்பிக்கும் சம பங்கு, கூடப் பிறந்த பெண் இருந்தால் அவருக்கும். நான் போட்ட பணம் என்று அப்போது பேசிப் பயன் இல்லை. அம்மாவுக்கு மனம் ஒப்பினால் கிரயம் ஆன கையோடு உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்க. தம்பிக்குத் தெரிந்தே செய்யுங்க. தெரியாமல் எழுதிய உயில்தான் கோர்ட்டுக்குப் போகிறது.

இடம் எதுவானாலும் பத்திரத்தில் நான் முதலில் தேடுவது அக்கா தங்கைகள் கையெழுத்து. நம் பக்கம் பூர்வீகச் சொத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்து, சகோதரிகளுக்கு நகை போட்டாயிற்று என்று விட்டுவிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகத்தில் சம பங்கு 1989 மார்ச் 25இல் வந்தது, நாடு முழுக்க எல்லாப் பெண்களுக்கும் 2005இல். நகை போட்டது சட்டத்தில் பங்கு ஆகாது. சகோதரிகள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இல்லாமல் பாகப்பிரிவினை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்க, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

திருப்பூர் லைன் வீட்டுக்கு இன்னும் இரண்டு: வழித்தடம், பள்ளம் (ஓடை). உள்ளே தள்ளி இருக்கும் லைனுக்குப் போகிற பாதை யாருடையது என்று பத்திரத்தில் சொத்து விவரத்தில் இருக்க வேண்டும். "வழக்கப்படி நடந்து போய் வரும்" என்று மட்டும் எழுதியிருந்தால் செப்டிக் டேங்க் லாரி உள்ளே வர முன்னால் இருக்கிறவர் விட மாட்டார். ஜம்மனை ஓடை, நல்லாறு ஓரம் என்றால் சர்வே எல்லை காட்டுகிற புலப்படம் வாங்கிப் பார்க்காமல் பேச்சே வேண்டாம். கோவையில் சங்கனூர் பள்ளத்து ஓரம் வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வாடகை ஒப்பந்தம் பற்றி: பதினொரு மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்று இன்னும் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, எந்த ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாத அட்வான்ஸை வாங்கி வேறெங்காவது வட்டிக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அழித்துவிடுங்க.

தறிக்காரர்

பதிவு செய்யவில்லை என்றால் என்ன ஆகிவிடும்? எங்கள் தெருவில் ஒருத்தரும் செய்யவில்லை.

அவிநாசி பத்திரம்

எதுவும் ஆகாது, குடியிருப்பவர் காலி செய்ய மாட்டேன் என்கிற வரைக்கும்.

பல்லடத்தான்

ஒரு வாரம் வீட்டில் பேசினோம். கீரணத்தம் ஃப்ளாட்டை விட்டுவிட்டோம். அந்த வளாகத்தில் கால்வாசி காலி என்று வாட்ச்மேன் சொன்னதாகத் தம்பி சொன்னான். பீளமேட்டு அக்காவுக்கு நன்றி. லைன் வீட்டுக்கு மின் இணைப்பு எத்தனை என்று கேட்டால் ஓனர் பேச்சை மாற்றுகிறார்.

அம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். பல்லடத்திலேயே, பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். மூன்றே முக்கால் சென்ட், கீழே ஒன்று, மேலே இரண்டு. மூன்றுக்கும் தனி மீட்டர். கீழே ஸ்கூல் டீச்சர் குடும்பம், மேலே ஒன்றில் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர், இன்னொன்றில் தறிக்கு வந்த ஒடிசாக் குடும்பம். மூன்றும் சேர்ந்து 21,500 வருகிறதாம். 52 சொல்கிறார்கள், அம்மா 48க்குப் பேசலாம் என்கிறார். அவருக்கு அது வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி.

கணக்குப்பிள்ளை

48க்கு முடிந்தால் 9 சதவீதத்தோடு 52.3 லட்சம். வருடம் 2,58,000. காலி, வரி, பழுது எல்லாம் சேர்த்து 45,000 கழித்தாலும் 2,13,000. 4 சதவீதம் தாண்டுகிறது. 50க்குக் கீழே என்பதால் அந்த 1 சதவீத டிடிஎஸ் வேலையும் இல்லை. அதற்காகப் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீங்க. நாளைக்கு விற்கும்போது நீங்கள் வாங்கிய விலை என்று எடுப்பது பத்திரத்தில் இருப்பதைத்தான்.

கீரணத்தம் ஐடி

பல்லடத்தில் விலை ஏறுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லையே!

ஞாயிறு வசூல்

ஏறும், கோவை வேகத்தில் ஏறாது. அவர் வாடகைக்குத்தானே கேட்டார். அந்த ஒடிசாக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லி விற்கிறவர் பேசினால் வேண்டாம் என்று சொல்லுங்க. பிள்ளைகளை அங்கே ஸ்கூலில் சேர்த்திருந்தால் அவர்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள்.

பல்லடத்தான்

பையன் மூன்றாவது படிக்கிறானாம், தமிழில் அம்மாவிடம் பேசினானாம். மூலப்பத்திரம் நகல் இன்றைக்குக் கைக்கு வந்தது, 1994 பாகப்பிரிவினை. மூன்று அண்ணன் தம்பிகள் கையெழுத்து இருக்கிறது.

அவிநாசி பத்திரம்

சகோதரிகள் எத்தனை பேர்? வாரிசுச் சான்று கேட்டு வாங்குங்க. முப்பது வருட வில்லங்கம் போட்டு, விடுதலைப் பத்திரம் பதிவாகி இருக்கிறதா பாருங்க. இல்லை என்றால் அச்சாரம் கொடுக்கும் முன்னால் அவர்களையும் கிரயத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. சொத்து விவரம் இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்க, பெயர்களை மறைத்துவிட்டு. நாளைக் காலையில் பார்த்துச் சொல்கிறேன்.